குரோமியம் ஆறு: ராணிப்பேட்டையில் 2.1, ஜெர்மனியில் 4.6. எங்கே பார்ப்பது?

சிப்காட் தோல் லேப், ராணிப்பேட்டை

வணக்கம். ஷூ அப்பர் தோல் செய்யும் டேனரியின் உள் லேப் எங்களுடையது. ஒரு கறுப்பு க்ரஸ்ட் (சாயமேற்றி உலர்த்திய, ஃபினிஷிங் செய்யாத தோல்) லாட்டில் ஐ.எஸ்.ஓ. 17075 பாகம் 1 முறைப்படி, அதாவது டைபினைல்கார்பசைட் என்ற வினைப்பொருளால் நிறம் ஏற்றி 540 நானோமீட்டர் ஒளியில், குரோமியம் ஆறு பார்த்தோம். பதனிடும் குரோமியம் மூன்று ஆக்சிகரணம் ஆகி வரும் நச்சு வகை அது; மூன்று, ஆறு என்பவை ஆக்சிகரண எண்கள். 2.1 மி.கி./கி.கி. வந்தது. அதே லாட்டை பையர் ஜெர்மனியில் ஒரு லேபுக்குக் கொடுத்ததில் 4.6. ஐரோப்பிய விதிப்படி 3 ஆனாலே விற்க முடியாது. சரக்கு நிற்கிறது.

எங்கள் அன்சர்டன்ட்டி (அளவீட்டு ஐயப்பாடு) ±0.9, அவர்களுடையது ±1.1. இரண்டுமே கே = 2, அதாவது ஏறக்குறைய 95 சதவீத நம்பிக்கை அளவில்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, "உங்கள் தராசின் கேலிபரேஷன் ஜெர்மன் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி.க்கு டிரேசபிள் இல்லை (அதுவரை சங்கிலியாகப் பின்தொடர முடியவில்லை), அதனால் முடிவை ஏற்க முடியாது" என்று பையர் தரப்பில் எழுதியிருக்கிறார்கள். இது சரியா? இரண்டு, இவ்வளவு வித்தியாசம் எதனால் வரும்? மூன்று, எங்கள் அளவுள்ள லேப் வெளிநாட்டு லேபோடு முறையான ஒப்பீட்டில் சேர வழி உண்டா?

காட்பாடி அளவியல்

முதல் கேள்விக்கு நேர்ப் பதில்: சரியில்லை. பி.டி.பி.க்குத்தான் டிரேசபிள் ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

1999 அக்டோபர் 14-ல் பல நாடுகளின் தேசிய அளவியல் நிறுவனங்கள் பாரிஸில் ஒரு பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சி.ஐ.பி.எம். என்ற சர்வதேச எடை அளவுக் குழுவின் எம்.ஆர்.ஏ. என்பது அதுதான். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் ஜெர்மனியின் பி.டி.பி.யும் அதில் இருக்கின்றன. வெறும் நம்பிக்கையில் நடப்பது இல்லை இது. ஒரே எடைக்கட்டியையோ கரைசலையோ நாடு நாடாக அனுப்பி எல்லாரும் அளந்து, முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். எந்த நாடு எந்த அளவை எவ்வளவு அன்சர்டன்ட்டியோடு அளக்கும் என்பது சக நிறுவனங்கள் சரிபார்த்த பிறகே கே.சி.டி.பி. என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நிறை என்ற தலைப்பில் இந்தியாவைத் தேடி, அந்தப் பக்கத்தையே பையருக்கு அனுப்புங்கள். 2019 மே 20 முதல் கிலோகிராமின் வரையறை பிளாங்க் மாறிலியில் நிற்கிறது. ஒரு நாட்டின் பெட்டகத்தில் இருக்கும் கட்டி இன்னொரு நாட்டுக் கட்டியைவிட மேலானது என்று வாதிட இடமில்லை.

அதற்குக் கீழ்ப்படியில், கேலிபரேஷன் லேப் அளவில் இருப்பது, லேப் அங்கீகார அமைப்புகளுக்கு இடையிலான ஐலாக் ஒப்பந்தம். லேப்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எல். அதில் கையெழுத்திட்டது, ஜெர்மனியின் அங்கீகார அமைப்பான டாக்ஸும் அப்படியே. ஆனால் உங்கள் தராசு சர்டிபிகேட்டில் மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்.ஏ.பி.எல். முத்திரை உண்டா? அந்த லேபின் அங்கீகார வரம்புக்குள் உங்கள் தராசின் வீச்சு வருகிறதா? நீங்கள் நிறுக்கும் 2 கிராம் பக்கத்தில் அளவீட்டுப் புள்ளி இருக்கிறதா? 220 கிராம் தராசுக்கு 50, 100, 200 கிராமில் மட்டும் பார்த்துவிட்டுப் போவது இங்கே சர்வசாதாரணம். 1, 2, 5 கிராம் புள்ளிகளை வேலை ஆணையிலேயே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். 2 கிராமில் 1 மில்லிகிராம் பிழை என்றால் 0.05 சதவீதம். பிப்பெட்டில் ஒரு சதவீதம் போனாலும் 2.1 என்பது 2.12 ஆகும். உங்கள் வித்தியாசம் இரண்டு மடங்கு. ஆகவே தராசைப் பற்றிக் கடிதம் எழுதுவதில் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண். எடைக்கும் கொள்ளளவுக்கும் டிரேசபிலிட்டி சங்கிலி காவல். தோலில் குரோமியம் ஆறு என்பது வேறு ரகம்: பஃபர் (தோலிலிருந்து குரோமியத்தை இறக்கும், பி.எச். மாறாத கரைசல்), நேரம், குலுக்கல், பி.எச். எல்லாம் சேர்ந்துதான் "எவ்வளவு" என்பதைத் தீர்மானிக்கின்றன. முறையே அளவை வரையறுக்கும் இந்த மாதிரி இடங்களில் ஒரே மாதிரியை இரு லேபும் அளந்து ஒப்பிடுவதைத் தவிர குறுக்குவழி இல்லை. வேதியியல் பக்கத்தைத் தோல்காரர்கள் சொல்லட்டும், பிறகு ஒப்பீடு பற்றி எழுதுகிறேன்.

வெட் ப்ளூ, வாணியம்பாடி

சார், கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள், எங்கே இடறும் என்று தானே தெரியும்.

2 கிராம் தோல், 100 மி.லி. பஃபர். வரம்பான 3 மி.கி./கி.கி.யில் உங்கள் சாறு முழுவதிலும் இருப்பது 6 மைக்ரோகிராம். அதில் 10 மி.லி. எடுக்கிறீர்கள், 0.6 மைக்ரோகிராம். 25 மி.லி.க்கு நிரப்பினால் லிட்டருக்கு 0.024 மில்லிகிராம். 1 செ.மீ. குவெட்டில் (கரைசல் ஊற்றும் ஒளிக் குப்பி) இதன் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) ஏறக்குறைய 0.02 தான். 0.003 நகர்ந்தாலே முடிவில் அரை மி.கி./கி.கி. போய்விடும். குவெட் வெளிப்புறத்தில் ஒரு விரல் ரேகை போதும் அதற்கு. 4 செ.மீ. குவெட் போட்டால் 0.07-க்கு வரும், மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கேலிபரேஷன் கோட்டையும் பாருங்கள். 1 மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் ஸ்டாண்டர்டில் 0.5-லிருந்து 15 மி.லி. வரை எடுத்துக் கோடு போடுவதுதான் வழக்கம். உங்கள் தீர்ப்பு நடக்கும் 0.6 அந்தக் கோட்டின் அடி நுனியில் இருக்கிறது. 15-ஆம் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கும், கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் 0.9999 வந்தாலும் கீழே வெட்டுத்துண்டு (கோடு அச்சை வெட்டும் இடம்) தப்பாக இருக்கலாம். 0.5, 0.75, 1, 1.5, 2, 3 என்று தனியாக ஒரு தாழ்வரிசை போடுங்கள்.

கறுப்புத் தோல் என்கிறீர்கள். சாயம் பஃபரில் இறங்கினால் அதுவும் 540-ல் உறிஞ்சும். இதே சாறில் அமிலம் மட்டும் விட்டு, டைபினைல்கார்பசைட் விடாமல் ஒரு வெற்று (பிளாங்க்) எடுக்கிறீர்களா? அதைக் கழிக்கிறீர்களா? எஸ்.பி.ஈ. கார்ட்ரிட்ஜ் என்ற வடிகட்டியில் நிறத்தைப் பிடிக்கும்போது குரோமேட்டும் (கரைசலில் உள்ள குரோமியம் ஆறு) கொஞ்சம் அங்கேயே தங்குகிறதா என்று ஸ்டாண்டர்டை அதே வழியில் ஓடவிட்டுப் பார்த்தீர்களா? ஜெர்மன் லேப் பாகம் 2, அயன்களைப் பிரித்து அளக்கும் அயன் குரோமட்டோகிராபியில் செய்திருந்தால் இந்த நிறத் தொல்லை அங்கே இல்லை. அவர்களின் ரிப்போர்ட்டில் பாகம் எது என்று போட்டிருக்கும்.

பஃபர்: டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் மூன்று நீர் உள்ள வகை லிட்டருக்கு 22.8 கிராம், பாஸ்பாரிக் அமிலத்தால் பி.எச். 8.0-க்கு, பிறகு ஆர்கானோ நைட்ரஜனோ விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று இருந்தால் குரோமியம் மூன்று காரத்தில் ஆறாக ஏறப் பார்க்கும். மூன்று மணி நேரம் குலுக்கி முடித்ததும் பி.எச். பார்த்து எழுதுங்கள். அமிலம் மிகுந்த தோல் பஃபரை இழுத்து இறக்கிவிடும், பி.எச். இறங்க இறங்க ஆறு தோலின் கரிமப் பொருளைத் தாக்கித் தான் மூன்றாகிவிடும். உங்கள் 2.1-க்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். முறை சொல்லும் பி.எச். வரம்புக்குக் கீழே போயிருந்தால் தோல் எடையைக் குறைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும், நடுவில் காரம் விட்டுச் சரிக்கட்டக் கூடாது.

மைமோசா, டாரா போன்ற தாவர டேனின் போட்டு ரீடேன் (மறுபதனிடல்) செய்த தோலா? டேனின் சாறுக்குள்ளேயே ஆறைக் குறைக்கும். 10 மி.லி. சாறில் தெரிந்த அளவு குரோமேட் சேர்த்து மீட்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80-க்குக் கீழே என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

டைபினைல்கார்பசைட் கரைசல் 100 மி.லி. அசிட்டோனில் 1 கிராம், ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம். பழுப்புப் பாட்டிலில், பிரிட்ஜில், இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். மின்வெட்டில் பிரிட்ஜ் நின்று நிறம் தட்டியிருந்தால் ஊற்றிவிடுங்கள்.

கடைசியாக ஈரப்பதம். இதைத்தான் நம் ஊரில் யாரும் எழுதி வைப்பதில்லை. காய்ந்த காற்றில் கிடந்த தோலில் ஆறு கூடும், ஈரக்காற்றில் கிடந்தால் குறையும். ஐப்பசி மழையில் நம் குடோனிலிருந்து வெட்டிப் பார்த்த துண்டும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஜெர்மன் அறையில் இரண்டு வாரம் இருந்த துண்டும் வேதியியல்படி ஒரே தோல் இல்லை. கத்திரி வெயிலில் குடோனில் கிடந்தால் இங்கேயே ஏறும். பையர் ஏஜிங் கேட்டாரா என்பதையும் பாருங்கள்: 80 டிகிரியில் 24 மணி நேரம் காய வைத்துவிட்டு அளப்பது, ஐ.எஸ்.ஓ. 10195. ஐரோப்பிய விதியில் அது கட்டாயம் இல்லை, ஆனால் பல பையர்களின் சொந்தப் பட்டியலில் உண்டு. ஏஜிங் செய்த 4.6-ஐயும் செய்யாத 2.1-ஐயும் வைத்துச் சண்டை போட முடியாது.

சிப்காட் தோல் லேப், ராணிப்பேட்டை

நன்றி சார், இரண்டு பேருக்கும். பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஜெர்மன் ரிப்போர்ட்டில் பாகம் 2, ஏஜிங் இல்லை, உலர் எடை அடிப்படை என்று இருக்கிறது. எங்கள் 2.1 உள்ளபடியே எடைக்கு, உலர் எடைக்கு மாற்றவில்லை. ஈரம் 14 சதவீதம். குவெட் 1 செ.மீ. சாய வெற்று எடுத்துக் கழித்திருக்கிறோம். முடிவு பி.எச். பதிவில் இல்லை. இரு லேபும் பார்த்தது ஒரே லாட், ஆனால் ஒரே தோல் இல்லை.

காட்பாடி அளவியல்

அப்படியானால் முதல் திருத்தம் உடனே. விதி கேட்பது மொத்த உலர் எடைக்கு 3. உங்கள் 2.1-ஐ 0.86-ஆல் வகுத்தால் 2.44. அன்சர்டன்ட்டியும் அதே விகிதத்தில் 1.05 ஆகும்.

இப்போது இ.என். எண் போடலாம். இரு முடிவின் வித்தியாசத்தை, இரு அன்சர்டன்ட்டிகளின் வர்க்கக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. வித்தியாசம் 2.16, கீழே 1.52, விடை 1.42. ஒன்றுக்குள் இருந்தால் இரு லேபும் தங்கள் அன்சர்டன்ட்டிக்குள் ஒத்துப்போகின்றன என்று பொருள். திருத்துவதற்கு முன் 1.76 ஆக இருந்தது. இறங்கியிருக்கிறது, தீரவில்லை. மீதி வித்தியாசத்தில் தோலுக்குத் தோல் உள்ள மாறுபாடு எவ்வளவு, லேபுக்கு லேப் உள்ளது எவ்வளவு என்று இந்தத் தரவை வைத்துப் பிரிக்கவே முடியாது. அதற்குத்தான் ஒப்பீடு.

இன்னொன்று. இந்த முறையின் அளவறி வரம்பே 3 மி.கி./கி.கி. அதற்குக் கீழே வந்ததை ரிப்போர்ட்டில் "3-க்குக் கீழ்" என்றுதான் போட வேண்டும். 2.4 என்பது உங்கள் உள் கட்டுப்பாட்டுப் படத்துக்கு மட்டும். பாஸ் சொல்லும்போது பாதுகாப்பு இடைவெளி வையுங்கள்: 3-லிருந்து உங்கள் அன்சர்டன்ட்டியான 1.05-ஐக் கழித்தால் 1.95. அதற்கு மேல் வந்த லாட்டை உறுதியாக பாஸ் என்று சொல்ல உங்கள் லேபுக்கு வலு இல்லை. 2.44 அப்போதே மஞ்சள் விளக்கு. முடிவு விதியை (எந்த எண்ணில் பாஸ், எதில் ஃபெயில் என்பதை) பையரோடு எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், ஐ.எஸ்.ஓ. 17025-ன் 2017 பதிப்பு அதைக் கேட்கிறது.

ஜெர்மன் லேபோடு இருதரப்பு ஒப்பீட்டுக்கு இப்படித் திட்டம் போடலாம்.

வித்தியாசம் வந்த லாட்டிலிருந்து ஒரே தோலை எடுத்து ஐ.எஸ்.ஓ. 2418 சொல்லும் இடத்தில் வெட்டி முழுவதையும் அரையுங்கள். மில் சூடேறக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள். பொடியைப் பெரிய பையில் நன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து நாலாகப் பிரித்து, மறுபடி கலந்து, 10 கிராம் வீதம் அலுமினியப் பைகளில் சீல் வையுங்கள். முப்பது பை இருந்தால் நிம்மதி. அவற்றில் பத்துப் பையைக் குலுக்கல் முறையில் எடுத்து ஒவ்வொன்றிலும் இரட்டையாக அளந்து, பைக்குப் பை மாறுபாட்டைக் கணக்கிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 13528-ன்படி அது ஒப்பீட்டுக்கு நிர்ணயித்த திட்டவிலக்கத்தில் 0.3 பங்குக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி கலக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஒப்பீடு நடத்தினால் கடைசியில் மாதிரியைக் குறை சொல்லிப் பிரிவார்கள்.

பாதிப் பைகள் ஜெர்மனிக்கு, கூடவே வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சிறு லாகர் ஒன்று. இரு லேபும் ஒரே வாரத்தில் திறக்க வேண்டும், திறந்த அன்றே சாறு எடுக்க வேண்டும். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு நீங்கள் வைத்திருக்கும் பைகளில் இரண்டையும், எல்லாம் முடிந்த பிறகு இன்னும் இரண்டையும் அளங்கள், நிலைத்திருக்கிறதா என்று தெரியும். பொடியோடு இன்னொரு குப்பியும் போகட்டும்: இரு தரப்புக்கும் செறிவு தெரியாத குரோமேட் கரைசல். கரைசலில் ஒத்துப்போய்ப் பொடியில் ஒத்துப்போகவில்லை என்றால் பழி கருவி மேல் இல்லை, சாறெடுப்பின் மேல். இரண்டிலும் போகவில்லை என்றால் ஸ்டாண்டர்டைப் பாருங்கள். 16 மணி நேரம் 102 டிகிரியில் காய்ந்த பொட்டாசியம் டைகுரோமேட் 2.829 கிராம் லிட்டருக்கு, அதுதான் 1 மி.லி.க்கு 1 மி.கி. குரோமியம்.

முடிவுகளை இரு தரப்பும் மூன்றாவது ஆளிடம், அன்சர்டன்ட்டியோடும் கச்சா அப்சார்பன்ஸோடும், சீல் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் எண்ணைப் பார்த்த பிறகு மற்றவர் மறு ஓட்டம் ஓடுவது ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். யாரிடம் எந்த எண் வந்தாலும் அப்படியே பதிய வேண்டும்.

இ.என். ஒன்றுக்குள் வந்தாலும் லாட் பாஸ் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் 3.2, அவர்கள் 3.9 என்று வந்தால் அழகாக ஒத்துப்போகும், தோல் இரண்டு இடத்திலும் தேறாது.

ஃபினிஷிங், மேல்விஷாரம்

ஒரு சின்ன விஷயம் மட்டும். லேப் வேலை நடக்கட்டும், டிரம்மையும் பாருங்கள். மீன் எண்ணெய் பேட்லிக்கர் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்) போட்ட லாட்டா? இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய் காற்றில் ஆக்சிகரணம் ஆகும்போது மூன்றை ஆறாக ஏற்றும். நியூட்ரலைசேஷனில் பி.எச். ஏறவிட்டதும், அம்மோனியா போட்டு நனைத்ததும் அப்படியே. ரீடேனில் 1 முதல் 3 சதவீதம் மைமோசாவோ டாராவோ சேர்த்து, கடைசியில் அமிலத்தில் ஃபிக்ஸ் செய்து நன்றாக அலசினால் இந்த எண் ஒன்றுக்குக் கீழே நிற்கும். அங்கே நின்றால் ±1 அன்சர்டன்ட்டி யாரையும் தொந்தரவு செய்யாது.

நிறமாலை ஆய்வு, வேலூர்

மூன்றாவது கேள்விக்கு என் பங்கு. இருதரப்பு ஒப்பீட்டைத் தாண்டி மூன்று வாசல் இருக்கிறது.

முதலாவது புரொஃபிஷியன்சி டெஸ்டிங், அதாவது பல லேபுக்கு ஒரே மாதிரியை அனுப்பித் திறன் பார்ப்பது. ஐ.எஸ்.ஓ. 17043 அங்கீகாரம் உள்ள அமைப்பு நடத்தும் சுற்றில் சேருங்கள். தோல், குரோமியம் ஆறு என்ற சுற்றுகளை வெளிநாட்டு அமைப்புகள் நடத்துகின்றன. உள் லேபும் பணம் கட்டிச் சேரலாம், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இசட் மதிப்பு (உங்கள் முடிவு நிர்ணயித்த மதிப்பிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்பது) 2-க்குள் என்றால் திருப்தி, 2-க்கும் 3-க்கும் நடுவே கவனம், 3 ஆனால் நடவடிக்கை. ஒரு சுற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான்கைந்து சுற்றில் உங்கள் இசட் எல்லாம் ஒரே பக்கம், மைனஸ் 1.2, மைனஸ் 0.9, மைனஸ் 1.4 என்று வந்தால் ஒவ்வொன்றும் திருப்தி என்றாலும் லேபில் நிரந்தரச் சாய்வு இருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

இரண்டாவது, தரநிலைக் குழு. 17075 என்பது தோல் வேதியியலாளர் சங்கங்களின் சர்வதேச ஒன்றியத்தில் ஐ.யூ.சி. 18 என்ற முறையும்கூட. பல நாட்டு லேப்கள் ஒரே தோலை அளந்து அனுப்பும் தரவுதான் அந்த முறையின் துல்லிய எண்களாக மாறுகிறது. இந்தியத் தரப்பில் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் தோல் குழுவும் சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ.யும் இருக்கின்றன. திருத்த வரைவு பொதுக் கருத்துக்கு வரும்போது உங்கள் ஈரப்பதத் தரவோடு எழுதுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் இவ்வளவு தோல் ஓடுகிறது, வெப்பமண்டலக் குடோன் தரவு இங்கிருந்து போகாமல் வேறு எங்கிருந்து போகும்?

மூன்றாவது, ஆராய்ச்சி. சி.ஐ.பி.எம்.மின் வேதியியல் ஆலோசனைக் குழு, சி.சி.கியூ.எம்., 1993 முதல் இருக்கிறது. அதன் முக்கிய ஒப்பீடுகளில் தேசிய நிறுவனங்களும் அவை நியமித்த நிறுவனங்களும்தான் சேரும், தனியார் லேப் நேராக நுழைய முடியாது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏ.பி.எம்.பி.யிலும் வழி டெல்லி வழியாகத்தான். ஐரோப்பாவில் எம்ப்பிர் என்ற அளவியல் ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பிறகு 2021-லிருந்து அளவியல் கூட்டாண்மை ஓடுகிறது. வெளிநாட்டுக் கூட்டாளிகள் பொதுவாகத் தங்கள் செலவில் சேர்வார்கள். தொழிலிலிருந்து வரும் தேவைக் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு: "இந்த வரம்பில், இந்த மேட்ரிக்ஸில் (மாதிரிப் பொருளில்), இரு கண்ட லேப்கள் இவ்வளவு விலகுகின்றன" என்று எண்களோடு ஒரு பக்கம்.

செய்ய வேண்டிய ஆராய்ச்சி ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. மண்ணில் குரோமியம் ஆறுக்கு அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான நிஸ்ட்டில் 2700, 2701 என்று சான்றளித்த மாதிரிகள் உண்டு. தோலில் அதைச் செய்வது கடினம், ஏனென்றால் பைக்குள்ளேயே மூன்றும் ஆறும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். இந்த மாற்றத்தையே அளந்து கழிக்க ஒரு வழி இருக்கிறது. செறிவூட்டிய குரோமியம் 53 ஐசோடோப்பை ஆறாகவும் 50-ஐ மூன்றாகவும் சாறெடுப்பின் தொடக்கத்திலேயே சேர்த்து, அயன் குரோமட்டோகிராபியோடு ஐசோடோப்புகளைப் பிரித்தளக்கும் ஐ.சி.பி.எம்.எஸ். கருவியை இணைத்து, முடிவில் எந்த ஐசோடோப்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்ப்பது. சாறெடுக்கும்போது எவ்வளவு ஆறு மூன்றானது, எவ்வளவு மூன்று ஆறானது என்று தனித்தனியாகக் கிடைக்கும். இந்தக் கருவி இணைப்பு உள்ள பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றோடு பேசுங்கள். உங்கள் முப்பது பைக்கு மேல் ஆறு பை அதற்குத் தயார் செய்தால் போதும். டேனின் உள்ள தோல், இல்லாத தோல் என்று இரண்டு ரகம் கொடுங்கள்.

பார்சல் பற்றி ஒரு குறிப்பு: இன்வாய்ஸில் "குரோம் பதனிட்ட தோல் பொடி, சோதனை மாதிரி, விற்பனைக்கல்ல" என்று எடையோடு எழுதுங்கள். வெறும் "பொடி" என்று இருந்தால் கஸ்டம்ஸில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், சீல் போனால் ஈரப்பதமும் போச்சு. கரைசல் குப்பியை அதே பார்சலில் வைக்காதீர்கள். டைகுரோமேட் கரைசலுக்குத் தனி விவரத்தாள் கேட்பார்கள், அதனால் பொடியும் தாமதமாகும்.